சங்கைக் கையில் எடுத்த சிஸ்டருக்கு

என் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பத்து மாதக் குழந்தையை வயிற்றுப்போக்கு எந்த அளவுக்குக் கொண்டுபோய்விடும் என்பதை எங்களோடு சேர்ந்து எங்கள் தெருக்காரர்களான நீங்களும் பார்த்தீர்கள். அதை மறுபடி எழுதக் கை வரவில்லை. நன்றியை மட்டும் எழுதுகிறேன். தள்ளிப்போட்டால் வீட்டு வேலைகளில் மறந்துபோகும் என்ற பயத்தில், அவள் தூங்குகிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி, தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் இரவுப் பணியில் இருந்த சிஸ்டருக்கு. அவர் பெயரைப் போட அவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை. அதனால் சிஸ்டர் என்றே எழுதுகிறேன்.

உயிரைப் பிடித்து நிறுத்தியது டிரிப்ஸ்தான். நரம்பு கிடைக்காத அந்தச் சின்னக் கையில் ஊசி ஏற்றிய மருத்துவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. ஆனால் டிரிப்ஸை நிறுத்திவிட்டு, "இனி வாய்வழியாகக் கொடுத்தால் போதும்" என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு உதறல் எடுத்தது. ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் எதிரே இருக்கிறது. குழந்தை குடிக்க வேண்டுமே! ஸ்பூனைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொண்டாள். டம்ளரைத் தட்டிவிட்டாள். கொஞ்சம் உள்ளே போனாலும் வாந்தியாக வெளியே வந்தது.

என் மாமியார் வீட்டிலிருந்து கிளம்பும்போதே வெள்ளிச் சங்கைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தார். குழந்தைக்குத் தாய்மாமன் போட்ட சங்கு. மருத்துவமனையில் இதையெல்லாம் காட்டினால் திட்டுவார்கள் என்று அதைப் பைக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தார். நாங்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு வந்த சிஸ்டர், "வீட்டில் இவள் எதில் குடிப்பாள்?" என்று கேட்டார். அத்தை தயங்கித் தயங்கிச் சங்கை வெளியே எடுத்தார். சிஸ்டர் திட்டவில்லை. வாங்கிக்கொண்டுபோய், கொதிக்கும் தண்ணீரில் நன்றாகப் போட்டெடுத்து, ஆறவைத்துக் கொண்டுவந்தார். பிறகு எங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

அந்த வார்டில் அத்தனை குழந்தைகள். ஒருபுறம் காய்ச்சல், மறுபுறம் மூச்சிரைப்பு. அவருக்கு உட்கார நேரமே கிடையாது என்பது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. அப்படியும் உட்கார்ந்தார். அத்தை வழக்கம்போலக் குழந்தையைக் காலில் மல்லாக்கக் கிடத்தப் போனார். "படுக்கவைத்து ஊற்றக் கூடாது பாட்டி, புரையேறிவிடும்" என்று குழந்தையைத் தன் இடது கையில் பாதி உட்கார்ந்தாற்போல் சாய்த்துக்கொண்டார். சங்கின் மூக்கைக் கடைவாயில் வைத்து, கன்னத்துப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தார். தொண்டை அசைகிறதா என்று பார்த்தார். விழுங்கிய பிறகு ஒரு இடைவெளி, மறுபடி ஒரு தேக்கரண்டி அளவு. சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, இவ்வளவுதான். அவசரப்பட்டு நிறைய ஊற்றினால்தான் வாந்தி வரும். வந்தாலும் பயப்படாதீர்கள், பத்து நிமிடம் விட்டுவிட்டு, இன்னும் மெதுவாக ஆரம்பியுங்கள். குடித்தது முழுவதும் வெளியே வந்துவிடாது" என்றார்.

தனக்குப் பழகிய சங்கு என்பதாலோ என்னவோ, குழந்தை உதட்டைத் திறந்தாள். அதைப் பார்த்த என் மாமியாரின் முகத்தை நான் எப்படி எழுதுவேன்!

கொஞ்ச நேரத்தில் சங்கு அத்தையின் கைக்கு மாறியது. சிஸ்டர் மற்றக் குழந்தைகளைப் பார்க்கப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். ஒவ்வொரு முறையும் ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். உச்சிக்குழியை விரல் நுனியால் மெல்லத் தடவிப் பார்க்கச் சொன்னார். உள்வாங்கிக் கிடந்தது மேலே வருகிறதா என்று தெரிந்துகொள்ள. நாக்கு ஈரமாக இருக்கிறதா, அழும்போது கண்ணீர் வருகிறதா, துணி சிறுநீரில் நனைகிறதா என்று பார்க்கச் சொன்னார். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழையபடி படிய வேண்டும் என்று செய்து காட்டினார். தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். எங்களுக்குள் வேலையையும் பிரித்துவிட்டார்: துணி மாற்றுவது நான், சங்கு பிடிப்பது அத்தை. "துணியைத் தொட்ட கை சங்கைத் தொடக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் இன்று இரவு இப்படியே இருக்கட்டும்." பக்கத்துக் கட்டில் குழந்தைகளுக்கு ஒட்டிவிடக் கூடாது என்ற கவலையும் அதில் இருந்தது என்பது பிறகு புரிந்தது.

விடியும் நேரத்தில் துணி நனைந்தது. நான் கத்திவிட்டேன். சிஸ்டர் ஓடிவந்து துணியைத் தொட்டுப் பார்த்து, ஏட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அத்தையின் தோளைத் தட்டி, "பாட்டி, உங்கள் வேலைதான்" என்றார். எழுபது வயதை நெருங்கும் என் மாமியார் அந்த ஒரு சொல்லை ஊரில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதுவரை மூலையில் நின்று அழுவதைத் தவிர வேறு வழி தெரியாமல் இருந்தவர் அவர். அவரைப் பேத்திக்கு மருந்து கொடுப்பவராக மாற்றிய சிஸ்டருக்கு எந்தக் கைம்மாறும் ஈடாகாது.

வீட்டுக்கு வந்த பிறகு இந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைப் பற்றித் தேடிப் படித்தேன். 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு டிரிப்ஸ் போதாமல் போனது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சமையல் சோடாவும் குளுக்கோஸும் கலந்த கரைசலைப் பெரிய பாத்திரங்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே வாங்கிக் குடிக்கக் கொடுக்க வைத்தார். கொத்துக் கொத்தாக நேர்ந்துகொண்டிருந்த சாவு வெகுவாகக் குறைந்தது. அவர் 2022இல் காலமானார். அன்று அந்த முகாமில் தாய்மாரும் பாட்டிமாரும் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா? அதை நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. அவருக்கும் இந்த மடலில் ஒரு வணக்கம்.

நன்றி சொல்ல இன்னும் எத்தனையோ பேர். இரவில் வந்து நின்ற 108 ஓட்டுநருக்கும் உடன் வந்தவருக்கும், முகம் சுளிக்காமல் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்த துப்புரவு அக்காக்களுக்கும், நான் ஒரு வாய் சாப்பிடும்வரை குழந்தையை வைத்திருந்த பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும், மூத்தவனைப் பள்ளிக்கு அனுப்பிவைத்த எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும், கேட்காமலே விடுப்பும் முன்பணமும் கொடுத்த என் கணவரின் முதலாளிக்கும், கும்பகோணத்திலிருந்து கஞ்சி எடுத்து வந்த என் தம்பிக்கும், கோயிலில் வேண்டிக்கொண்டவர்களுக்கும் பள்ளிவாசலில் துஆ செய்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஜிங்க் மாத்திரையைப் பதினான்கு நாளும் விடாமல் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பேதி நின்றுவிட்டாலும் நிறுத்தக் கூடாதாம். தாய்ப்பாலில் கரைத்து அதே சங்கில் கொடுக்கிறோம்.

இனி என் வீட்டில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாத நாள் இருக்காது. எங்கள் தெருவில் யார் வீட்டுக் குழந்தைக்குப் பேதி என்றாலும், எந்த நேரமானாலும் கதவைத் தட்டுங்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், ஒரு லிட்டருக்கான பாக்கெட் முழுவதையும் கரைக்க வேண்டும். மிச்சத்தை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. கலந்து தருகிறேன், பிடிக்கும் விதத்தையும் காட்டித் தருகிறேன். என் மாமியாரும் வருவார், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் குழந்தை குடிக்கவே முடியாமல் துவண்டாலோ, கண் குழிவிழுந்து எழுப்பினாலும் விழிக்காவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ எங்கள் கதவுக்கு வராதீர்கள். நேராக 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நாங்கள் கூட இருக்கிறோம்.