தலையிடியை மறைக்காதே, தம்பி

அன்பு மகனுக்கு,

போனில் சொன்னால் "ஓகே அப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு விசிஈ பரீட்சைக்குத் தமிழும் எடுத்தவன் நீ. ஆறுதலாக இருந்து முழுதையும் வாசி.

ஞாயிற்றுக்கிழமை எங்களோடு ஒரு பத்து நிமிடம்தான் கதைத்திருப்பாய். அதற்குள் அம்மாவின் முழங்கால் நோ எப்படி என்று இரண்டு தரம் கேட்டாய். முதல் தரம் கேட்டபோது ஊசி போட்டது, டொக்டர் நடக்கச் சொன்னது எல்லாம் அம்மா விளக்கமாகச் சொன்னா. கொஞ்ச நேரத்தில் திரும்பவும், "அம்மா, முழங்கால் எப்படி?" அவ ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தா. இரவு சாப்பிடவில்லை.

சனிக்கிழமை உன் ஃபுட்டி (அவுஸ்திரேலிய உதைபந்து) ஆட்டத்தை ரீவியில் நானும் பார்த்தேன். மூன்றாவது குவாட்டர். உதைத்து வந்த பந்தை அந்தரத்தில் மார்க் பிடிக்க எழும்பினாய், பின்னால் பாய்ந்தவனின் முழங்கால் உன் காதுக்கு மேலே பட்டது. கமரா பந்தோடு போய்விட்டது. திரும்ப நீ தெரிந்தபோது ஒரு கையைப் புல்லில் ஊன்றிக்கொண்டு இருந்தாய். ஒருவரும் உன்னிடம் வரவில்லை. எழும்பி அடுத்த பந்துக்கு ஓடிவிட்டாய். பேர்த்தில் நீ தங்கியிருக்கிற வீட்டு அம்மாவுக்கு நேற்று நானே போன் எடுத்தேன். ஞாயிறு முழுக்கத் தலையிடி என்று ஜன்னல் சீலையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தாயாம். கோபிக்காதே. உன்னைத் தன் பிள்ளை மாதிரிப் பார்க்கிற மனுசி அவ.

ஏன் மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு கிழமையில் பெரிய அணியில் இடம் வரலாம் என்று கோச் சொல்லியிருக்கிறார். மூளை அதிர்ச்சி என்று டொக்டர் எழுதினால், ஏஎஃப்எல் என்ற தேசிய லீக்கின் விதிப்படி 12 நாளாவது ஆட முடியாது. அந்த இடம் வேறொரு பெடியனுக்குப் போய்விடும். முதல் ஒப்பந்தமே இரண்டு வருசம்தான், அதில் பாதி ஓடப்போகிறது. இதெல்லாம் எனக்கு விளங்காமல் இல்லை, ராசா.

இங்கே மெல்பேர்னில், டண்டினோங்கில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம், பெட்டி தூக்கும்போது முதுகில் ஏதோ பிடித்தது. சொன்னால் நாளைக்கு வராதே என்பார்கள் என்ற பயம். எட்டு மாதம் வாய் திறக்கவில்லை. நீ நாலு வயதில் தூக்கச் சொல்லி அழுதபோதெல்லாம் நான் குந்தி இருந்து உன்னை மடியில் வைத்தது அதனால்தான். உனக்கு இதுவரை நான் சொல்லவில்லை.

முதுகு நொந்தால் குந்தி இருக்கலாம். தலைக்கு என்ன செய்வது?

பாடி மக்கார்ட்டினை உனக்குத் தெரியும். 2014 ட்ராஃப்டில், அதாவது கிளப்புகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரரை எடுக்கிற தெரிவில், முதலாவதாக எடுக்கப்பட்ட பிள்ளை. சென் கில்டா கிளப்பில் அடிமேல் அடியாகத் தலையில் பட்டு, 2019 முழுக்க விளையாடவே முடியவில்லை. பிறகு சிட்னிக்குப் போய், 2022இல் தன் தம்பியோடு ஒரே அணியில் நின்று கிராண்ட் ஃபைனல் வரை வந்தார். அடுத்த வருசமே திரும்பவும் அடி. 27 வயதில் ஆட்டம் முடிந்தது. அவருக்கும் ஒரு அப்பா அம்மா ரீவிக்கு முன்னால் இருந்திருப்பார்கள்.

ஜனவரியில் நாங்கள் பேர்த் வந்தபோது ஏர்போர்ட்டிலிருந்து வந்த பெருந்தெரு நினைவிருக்கா? கிரஹாம் ஃபார்மர் ஃப்ரீவே. 'பொலி' ஃபார்மர் யார் என்று காருக்குள் நீதான் எனக்குப் படிப்பித்தாய். நிற்கிற காரின் ஜன்னலுக்குள்ளால் பந்தைக் குத்திக் குத்திப் பழகி, ஹாண்ட்போலை ஆட்டத்தின் ஆயுதமாக்கியவர் என்று சொன்னாய். மிச்சத்தை நான் பிறகு வாசித்தேன். கடைசிக் காலத்தில் நினைவெல்லாம் போய், 2019இல் 84 வயதில் இறந்தார். மூளையைச் சோதித்துப் பார்த்ததில் சிடிஈ, தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டால் வருகிற மூளை நோய், இருந்தது என்று அடுத்த வருசம் வெளியில் வந்தது. ஃபுட்டி விளையாடிய ஒருவருக்கு அதைக் கண்டுபிடித்தது அதுதான் முதல் தரம். உயிரோடு இருக்கும்போது அதை உறுதியாகக் கண்டுபிடிக்க இன்னும் வழி இல்லை. ஒரு அடி ஆறுவதற்குள் அடுத்த அடி விழுவதுதான் எனக்குப் பயம்.

நவம்பரில் உன் ட்ராஃப்ட் இரவை நினைத்துப் பார். பரீட்சை முடிந்த கையோடு ரீவிக்கு முன்னால் இருந்தோம். வாசித்த பெயர்கள் 40 தாண்டியதும் அம்மா சாமி அறைக்குள் போய்விட்டா. 50 தாண்டியது. நீ நகத்தைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தாய், உன் பெயரை வாசித்ததே உனக்குக் கேட்கவில்லை. நான்தான் உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். கொலிங்வுட்டின் டேன் ஸ்வானையும் 2001இல் 58வதாகத்தான் எடுத்தார்கள். முதல் ஆட்டம் 2003இல். வருசத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற பிரவுன்லோ பதக்கம் 2011இல். பிந்தி வருவது இந்த விளையாட்டில் புதிது இல்லை, தம்பி.

நாளைக் காலையில் பயிற்சிக்கு முன்னமே கிளப் டொக்டரிடம் போ. விழுந்தது, தலையிடி, வெளிச்சம் கூசுவது, கேட்டதையே திரும்பக் கேட்டது, எல்லாவற்றையும் சொல். அம்மாவிடம் இரண்டு தரம் கேட்டது உனக்கே நினைவிருக்காது, அதனால் இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டு. கார் ஓடாதே, யாரையாவது கூட்டிக்கொண்டு போகச் சொல். அவர் ஓய்வு என்றால் ஓய்வு. கோச் முகம் சுளிப்பாரோ என்று யோசிக்காதே. சுளித்தால் நான் வந்து கதைக்கிறேன்.

முதல் ஆட்டத்துக்கு ஜேர்சியை உன் கையில் தர எங்களைக் கூப்பிடுவார்கள் என்று அம்மா பச்சைச் சேலை ஒன்றை எடுத்து வைத்திருக்கிறா. பிளேன் டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. நீ சொல்லும் திகதிக்கு எடுப்போம். அது இந்த மாதமாக இருக்கவேண்டும் என்று இல்லை.

நாளை இரவு உங்கள் நேரம் எட்டு மணிக்கு, இங்கே பத்து மணிக்கு, போனுக்குப் பக்கத்தில் இருப்பேன். டொக்டர் சொன்னதை மட்டும் சொன்னால் போதும்.

அன்புடன்,
அப்பா