ஆஃபீஸ் போக ஹைப்ரிட் சைக்கிள் வாங்குறவங்களுக்கு ஒரு மடல்

வணக்கம்ங்க,

வேலைக்கு ஹைப்ரிட் சைக்கிள்லயே (ரோடு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவுல உள்ள ரகம்) போயிட்டு வரலாம்னு முடிவு பண்ணி கடைக்கு வர்றவங்க மொதல்ல கேக்குறது "எத்தன கியர்?", அடுத்தது "ஷாக் (குலுக்கல் தாங்குற ஸ்பிரிங்) இருக்கா?" ரெண்டுக்கும் பதில் சொல்றோம், ஆனா நாலு மாசம் கழிச்சும் நீங்க அந்த சைக்கிள எடுக்குறீங்களா இல்ல மாடிப்படிக்கு கீழ நிறுத்திட்டீங்களாங்குறத முடிவு பண்றது பிரேம் சைஸும் சீட்டு உயரமும்தான். கூட்டமா இருக்குறப்போ இத நின்னு வெளக்க முடியறதில்ல, அதான் எழுதுறோம்.

ஷாக் பத்தி மொதல்ல. ரோடு மோசம், அதனால ஷாக் வேணும்னு நெனைக்கிறது நியாயம்தான். ஆனா வெலை கம்மியான ஹைப்ரிட்ல வர்ற ஷாக் எடையத்தான் ஏத்தும், எழுந்து நின்னு மிதிச்சா உங்க பலத்துல கொஞ்சம் அதுக்கே போயிரும், தண்ணியும் மண்ணும் உள்ள போயி போயி ஒரு கட்டத்துல அது அசையவே அசையாது. அந்த சொகுசு அகலமான டயர்லயே கெடைக்கும். டயர் மேல 700க்கு 38, 700க்கு 40ன்னு போட்டிருக்கும், ரெண்டாவது நம்பர்தான் அகலம், மில்லிமீட்டர் கணக்கு. அங்கயே எழுதியிருக்குற பெரிய பிஎஸ்ஐ (காத்து அழுத்தம்) நம்பர் அதிகபட்ச அளவுங்க, அவ்ளோ காத்து அடிச்சே ஆகணும்னு இல்ல. 38 டயருக்கு சராசரி எடை உள்ளவங்க 50 பிஎஸ்ஐ வாக்குல வெச்சுப் பாருங்க, பின் டயர்ல பாரம் ஜாஸ்தி விழும், அதுல கொஞ்சம் கூட்டிக்கங்க.

கியர் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. முன்னாடி 3 பல்சக்கரம் பின்னாடி 8, பெருக்குனா 24ன்னு சொல்றோமே, அதுல நெறைய கிட்டத்தட்ட ஒரே மாதிரி மிதிக்கிற கியர்தான். பெரிய மேடு இல்லாத வழின்னா முன்னாடி ஒரே பல்சக்கரம் வர்ற சைக்கிள் தாராளமா போதும், பராமரிக்கிற வேலையும் கொறையும். அதவிட, மட்கார்டு கேரியர் மாட்ட பிரேம்ல ஸ்குரூ ஓட்டை இருக்கான்னு பாருங்க. இத யாருமே பாக்குறதில்ல, மொத மழையில சட்டை முதுகுல சேத்துக் கோடு விழுந்தப்புறம்தான் ஞாபகம் வருது.

சைஸுக்கு, சைக்கிள ரெண்டு காலுக்கு நடுவுல விட்டு நில்லுங்க, மேல் பைப்புக்கும் உங்களுக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் இடமாவது இருக்கணும். சாய்வான பைப்புன்னா இது எப்பவுமே சரியாத்தான் தெரியும், அதனால ஓட்டியும் பாக்கணும். முழங்கை லேசா மடங்கி, தோள் எறங்கி இருந்தா சரி. ஒரு கம்பெனி மீடியமும் இன்னொரு கம்பெனி மீடியமும் ஒண்ணு இல்ல.

இப்போ சீட்டு. நாங்க அளந்து ஏத்தி வெச்சுக் குடுப்போம், தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்து "அண்ணே, கால் எட்டல, எறக்குங்க"ம்பாங்க. ரெண்டு பாதமும் தரையில பதியிற உயரம் நிக்கிறதுக்குத்தான் நல்லா இருக்கும், மிதிக்க ஆகாது. ஆஃபீஸுக்குப் போடுற ஷூவோடயே செவுத்தப் புடிச்சு சீட்டுல உக்காருங்க, ஒரு பெடல அடிமட்டத்துக்குக் கொண்டாந்து குதிகால அதுல வைங்க, முட்டி நேரா நீளணும். அப்புறம் பாதத்தோட முன்பக்கத்த வெச்சீங்கன்னா முட்டி தானா லேசா மடங்கும், அதான் உயரம். சிக்னல்ல என்ன பண்றதுன்னா, சீட்டுலேருந்து முன்னாடி எறங்கி ஒரு கால ஊணிக்கணும், ரெண்டு நாள்ல பழகிரும். ஓட்டி ஓட்டி முட்டிக்கு முன்பக்கம் வலிச்சா பெரும்பாலும் சீட்டு தாழ்வா இருக்கும், இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுனாலோ முட்டிக்குப் பின்னாடி இழுத்தாலோ உயரம் ஜாஸ்தி. ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல மாத்தாதீங்க. சீட்டுக் கம்பியில ஒரு கோடு போட்டிருக்கும், அது வெளிய தெரியிற அளவுக்கு ஏத்தவே கூடாது. கோடு வரைக்கும் ஏத்தியும் உயரம் பத்தலைன்னா பிரேமே சின்னது.

டிஸ்க் பிரேக் புதுசுல அவ்வளவா புடிக்காது, பயப்படாதீங்க. காலி ரோட்டுல வேகம் எடுத்து, நடக்குற வேகத்துக்கு மெதுவா பிரேக் புடிக்கிறத ஒரு இருவது தடவை பண்ணுங்க, பேடு டிஸ்க்கோட ஒத்துப்போயிரும். செயின் ஆயில் மட்டும் டிஸ்க் மேல படவே கூடாது, அதனால ஸ்ப்ரே வேண்டாம், சொட்டு சொட்டா விட்டு துணியால தொடச்சிருங்க.

புது கேபிள் கொஞ்ச நாள்ல லேசா தளரும், கியர் டக்கு டக்குன்னு தாவும், பழுதுன்னு நெனச்சுராதீங்க. ஒரு மாசம் ஓட்டிட்டு கொண்டாங்க, கேபிள், பிரேக், ஸ்போக் எல்லாம் பாத்து சரி பண்ணிக் குடுக்குறோம். பெடல் லூஸா இருக்குன்னு நீங்களே முறுக்குறதா இருந்தா ஒரு விஷயம், இடது பெடலுக்கு மரை தலைகீழ், கடிகாரம் சுத்துற திசைக்கு எதிரா சுத்துனாத்தான் இறுகும்.

இப்படிக்கு,
கடைக்காரங்க