ஜாஸ்மாஸ்டர் வாங்கப்போகும் சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் மதுவின் கல்யாணப் படங்களும் வந்து சேர்ந்தன. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்களாகத் தெரிகிறார்கள். ரொம்ப சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. நேற்று உன் பெயரைச் சொன்னதும், "அந்த கிடார்க்காரப் பையனா?" என்று கேட்டார்கள். நமக்கு அறுபது நெருங்குகிறது, அம்மாவுக்கு நீ இன்னும் பையன்தான்.

சரி, கிடாருக்கு வருகிறேன். கடையில் பார்த்த 1964 ஜாஸ்மாஸ்டரை, அதாவது ஃபெண்டர் கம்பெனியின் அந்தப் பழைய எலெக்ட்ரிக் கிடாரை வாங்குவதா, பழைய மாடலைப் பார்த்துக் கம்பெனியே பிற்பாடு மறுபடி செய்த ரீஇஷ்யூ ஒன்று போதுமா என்று கேட்டிருக்கிறாய். ரீஇஷ்யூவே வாங்கு. ஆனால் எந்த ரீஇஷ்யூ என்பதில் கவனமாக இரு. பழைய கிடாரின் குறையைச் சரிசெய்துவிட்டோம் என்று சொல்லி விற்கும் மாடல்களைத் தொடாதே. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜாஸ்மாஸ்டரில் குறை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி குறையே இல்லை.

1958-ல் லியோ ஃபெண்டர் இதை வெளியிட்டபோது அவர் கம்பெனியிலேயே விலை உயர்ந்த கிடார் இதுதான், அவர்களுடைய புகழ்பெற்ற ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் (ஸ்ட்ராட்) மேலே. ஜாஸ் வாசிப்பவர்கள் உட்கார்ந்து வாசிப்பார்கள் என்பதற்காக கிடார் உடலின் இடுப்பை ஒரு பக்கம் சரித்து, மடியில் வாகாக உட்காரும்படி செய்தார்கள். ஃபெண்டர் கிடாரில் ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு (நெக்கின் மேல் விரல் பதிக்கும் பலகை) முதலில் வந்ததும் இதில்தான். மேல் கொம்பில் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. அதைத் தள்ளினால் நெக் பக்கத்துப் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) மட்டும் தனி சர்க்யூட்டில் போகும், இருண்ட மென்மையான ஒலி வரும். அதற்கென்று இரண்டு சின்ன உருளைகள் தனியாக. எல்லாமே ஜாஸ்காரர்களுக்காக யோசித்துச் செய்தது.

ஜாஸ்காரர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை! அவர்களுக்கு உள்ளே வெற்றிடம் உள்ள பெரிய ஆர்ச்டாப் கிடார்தான் கிடார். ஜாஸ் கிடார் கலைஞர் ஜோ பாஸ் 60களின் தொடக்கத்தில் ஒரு ஜாஸ்மாஸ்டரை வாசித்தார். அதுவும் அவர் போதையிலிருந்து மீள்வதற்காகச் சேர்ந்திருந்த சினனான் மையத்தில் அந்த கிடார் இருந்ததால்தான். கைக்கு வேறொன்று வந்ததும் மாறிவிட்டார். கடைசியில் இதை அள்ளிக்கொண்டவர்கள் வென்ச்சர்ஸ் மாதிரியான வாத்திய இசைக் குழுக்களும் கடற்கரையில் சர்ஃப் இசை வாசித்த பையன்களும்தான். எதிரொலி தரும் ஸ்பிரிங் ரிவெர்ப் போட்டு, சுருதியை ஏற்றி இறக்கும் அந்த மிதக்கும் ட்ரெமோலோவை லேசாக ஆட்டினால் வருகிற ஒலி உனக்கே தெரியும்.

1965 ஜனவரியில் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் 1.3 கோடி டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. சர்ஃப் மோகமும் வடிந்தது. விற்பனை தேய்ந்து தேய்ந்து 1980-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். என்னைப் பொறுத்தவரை ஜாஸ்மாஸ்டரின் உண்மையான கதை இங்கேதான் தொடங்குகிறது. யாருக்கும் வேண்டாத கிடார் என்பதால் அடகுக் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. கையில் காசில்லாதவர்கள் வாங்கினார்கள். நியூயார்க்கில் டெலிவிஷன் குழுவின் டாம் வெர்லைன் வாசித்தார். 1977-ல் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் முதல் ஆல்பம் அட்டையில் அவர் கையில் இருப்பது இதுதான். பிறகு சோனிக் யூத் குழு, டைனோசர் ஜூனியர் குழுவின் ஜே மாஸ்கிஸ். மை பிளடி வாலன்டைன் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ் ட்ரெமோலோ கம்பியைக் கையை விட்டு விடாமல் பிடித்துக்கொண்டே ஸ்ட்ரம் செய்து, சுருதியே மிதக்கிற ஒரு ஒலியைக் கொண்டுவந்தார். வேறு கிடாரில் அந்த மென்மையான ஆட்டம் வருவது கஷ்டம்.

இனி பிரிட்ஜ், கிடார் உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாகம். எல்லோரும் திட்டுவது அதைத்தான். தந்தி சேடிலிலிருந்து (பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் உட்காரும் துண்டு) நழுவுகிறது, திருகுகள் அதிர்ந்து அதிர்ந்து இறங்குகின்றன, ஒரே இரைச்சல் என்பார்கள். திட்டுவதற்கு முன் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பிரிட்ஜ் இரண்டு கால்களில் கூர்முனை ஊன்றி நிற்கிறது. உடலில் பதித்த குழிகள் அந்தக் கால்களைவிடக் கொஞ்சம் அகலம். ட்ரெமோலோவை அழுத்தும்போது தந்தியோடு சேர்ந்து பிரிட்ஜும் முன்னும் பின்னும் சாய்ந்து, பிறகு தன் இடத்துக்கே திரும்ப வேண்டும். அதற்குத்தான் அப்படிச் செய்தார்கள். பிரிட்ஜுக்கும் தந்தியின் முனை மாட்டியிருக்கும் ட்ரெமோலோவுக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருப்பதால் தந்தி சேடிலைத் தாண்டி இறங்கும் கோணம் குறைவு, அழுத்தமும் குறைவு. 1958-ல் அது பிரச்சினையே இல்லை. அன்றைக்கு எல்லோரும் போட்டது தடித்த தந்தி, மூன்றாவது தந்தி கூடக் கம்பி சுற்றியது. அந்த இறுக்கம் பிரிட்ஜை அசையாமல் பிடித்துக்கொண்டது. பின்னால் 9, 10 கேஜ் (தந்தியின் தடிமன் அளவு) என்று தந்தி மெலிந்துபோனது. கிடார் அப்படியேதான் இருந்தது. பழி மட்டும் அதன் தலையில் விழுந்தது.

அந்த நீண்ட இடைவெளியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தந்தித் துண்டுகள் தாமாகவே லேசாக ஒலிக்கும். சோனிக் யூத்காரர்கள் அங்கேயே தட்டியும் மீட்டியும் மணி அடிப்பது போன்ற ஒலியை எடுத்தார்கள். 1999 ஜூலையில் கலிபோர்னியாவில் அவர்களுடைய லாரியோடு அத்தனை கிடார்களும் திருடு போனதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ரீஇஷ்யூக்களின் வரிசையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 80களின் நடுவில் முதலில் ஜப்பானில்தான் '62 மாடலைத் திரும்பச் செய்தார்கள். அமெரிக்கத் தயாரிப்பு 1999-ல் அமெரிக்கன் வின்டேஜ் '62 என்று வந்தது. 2012-ல் '65 மாடல், 2022-ல் அமெரிக்கன் வின்டேஜ் 2 வரிசையில் 1966 மாடல். நடுவே காஸ்டெல்லோ, மாஸ்கிஸ், சோனிக் யூத் பெயர்களிலும் வந்தன. 2008-ல் மெக்சிகோவில் செய்த கிளாசிக் பிளேயர் மாடலில் ட்ரெமோலோவை பிரிட்ஜுக்கு அருகே நகர்த்தினார்கள், பிரிட்ஜையும் வேறு வகைக்கு மாற்றினார்கள். வாசிக்க வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நான் மேலே சொன்ன அந்தப் பின்பக்க ஒலி குறைந்துபோகிறது. அதற்கு நீ வேறு நல்ல கிடாராகப் பார்த்து வாங்கிவிடலாம்.

என்னிடம் இருப்பது ஜப்பான் ரீஇஷ்யூ என்பது உனக்குத் தெரியும். மரவேலை அற்புதம், நெக் வெண்ணெய் மாதிரி. போன மாதம் ஒலி ஏன் இவ்வளவு கீச்சென்று இருக்கிறது என்று பிக்கப் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அசல் ஜாஸ்மாஸ்டர் பிக்கப்பில் சுருள் உயரம் குறைந்து, மூடி முழுக்கப் பரந்து தட்டையாக இருக்கும். அதனால்தான் ஒலிக்கு அந்த அகலமும் இதமும். இதில் அகலமான மூடிக்குள் ஸ்ட்ராட் பிக்கப் போல ஒல்லியான, உயரமான சுருள் நின்றுகொண்டிருந்தது! ஜப்பான் ரீஇஷ்யூக்கள் பலவற்றில் இப்படித்தான். சரியான பிக்கப்பும் 1 மெகாஓம் பாட்களும் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளின் உள்பாகம்) வாங்கி மாற்றினேன். இப்போது அது ஜாஸ்மாஸ்டர்.

அதனால் நீ வாங்குவதற்கு முன் பிக்கப்பை விசாரி. என் முதல் தேர்வு 1999 முதல் வந்த அமெரிக்கன் வின்டேஜ் '62, செகண்ட்ஹேண்டில் தேடு. கிடைக்கவில்லையா, 2022-ன் 1966 மாடல். வாங்கியதும் முதல் வேலையாக 11 அல்லது 12 கேஜ் தந்தி போடு. நெக்கைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தின் உள்பக்க ஓரத்தில், பிக்கப் பக்கமாக, மெல்லிய ஷிம் (இடைவெளி நிரப்பும் தகடு) ஒன்று வை. நெக் பின்னால் சாயும். ஆக்‌ஷன், அதாவது ஃபிங்கர்போர்டுக்கு மேல் தந்தியின் உயரம், சரியாக வர பிரிட்ஜை உயர்த்த வேண்டியிருக்கும், உயர்த்தினால் கோணமும் அழுத்தமும் கூடிவிடும். திருகுகள் இறங்காமலிருக்க அவற்றின் மரையில் திருகு தளராமல் பிடிக்கும் லாக் திரவம் ஒரு துளி விடு, போதும். அதற்குப் பிறகும் கடுமையாக வாசித்துத் தந்தி நழுவினால் ஃபெண்டரின் மஸ்டாங் கிடாரில் வரும் சேடிலுக்கு மாறு. அந்த அளவு திருத்தத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அந்த 1964-ஐப் பற்றி ஒரு வார்த்தை. அழகுதான். ஆனால் அந்தக் காலத்து ஃபிங்கர்போர்டு பிரேசில் ரோஸ்வுட்டாகவே இருக்கும். அந்த மரம் 1992 முதல், அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதிப் பத்திரம் வேண்டும். நீ டிசம்பரில் சென்னைக்கு கிடாரோடு வருகிற ஆள், கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டு நிற்காதே.

அப்புறம், உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிட்டதாகத் தங்கச்சி போனில் சொன்னாள். விடாதே, மறுபடி போ. எந்த கிடாரைப் பார்த்தாலும் பணம் கொடுப்பதற்கு முன் நெக் பள்ளம், பிக்கப், பின்பக்கம் மூன்றையும் படம் எடுத்து அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி