பாப்பாவுக்கு நைனா எழுதுவது

பரதராமி
வைகாசி 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். முந்தாநாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நல்லபடியாக நடந்தது. உன் அத்தை நாலு தரம் கேட்டாள், பாப்பா வரலையா என்று. லீவு இல்லையாம் என்றேன். சிரசுக்கு ஒரு நாள் லீவு தராத ஆபீஸ், அதற்கு முந்தின சனி ஞாயிறு டெல்லிக்கு அனுப்பி, ஊர் சுற்றிப் பார்க்கவும் விட்டிருக்கிறது. நல்ல ஆபீஸ்தான்.

இன்னொரு தரம் போனால் அந்த ஊர் வெயிலில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போகாதே. ஆட்டோக்காரனிடம் ஏறுவதற்கு முன்னாலேயே காசு பேசிக்கொள்.

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தேன். இந்தியா கேட் படத்துக்குக் கீழே '71 போர் நினைவுச்சின்னம்' என்று எழுதியிருக்கிறாய். பட்டாளத்துக்காரன் மகள் இப்படி எழுதலாமா? அது 1921இல் அடிக்கல் போட்டு 1931இல் திறந்தது. முதல் உலகப்போரிலும் ஆப்கான் சண்டையிலும் வெள்ளைக்காரனுக்காகச் செத்த நம் ஆட்களுக்கு. 13,000 பேருக்கு மேல் பெயர் வெட்டியிருக்கிறது. 71 பாகிஸ்தான் சண்டைக்கு என்று அதன் கீழே ஜோதி ஏற்றியது 1972 குடியரசு தினத்தில். நான் பார்த்தபோது அங்கேதான் எரிந்துகொண்டிருந்தது. 2022 ஜனவரியில் அதைப் பக்கத்தில் இருக்கிற புது தேசியப் போர் நினைவிடத்து ஜோதியோடு சேர்த்துவிட்டார்கள்.

செங்கோட்டைக்குள்ளே அரண்மனை நடுவில் சிப்பாய்கள் தங்கும் பாரக்ஸ் எதற்கு என்று கேட்டிருந்தாய். 1857 சிப்பாய்க் கலகத்துக்கு அப்புறம் பாதி அரண்மனையை இடித்துவிட்டு வெள்ளைக்காரன் கட்டியது அது. அதற்கு 51 வருஷம் முன்னாலேயே, 1806 ஜூலை 10இல், நம் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்துவிட்டார்கள். இதை உன் ஆபீஸில் வடக்கத்திக்காரர்கள் இருந்தால் சொல்லு. காஷ்மீரி கேட்டுக்கு நீ போகவில்லை. பழைய டெல்லி மதிலில் இருக்கிற அந்த வாசல் கதவுக்கு 1857இல் வெடி வைத்தது எங்களைப்போல சப்பர்கள்தான், பட்டாளத்தில் வெடி வேலை பார்க்கிறவர்கள், வங்காள சப்பர்கள். எந்தப் பக்கம் நின்று வைத்தார்கள் என்பதுதான் சங்கடம்.

இந்தியா கேட் படத்தில் உனக்கு முன்னால் தரையில் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. கண்ணிவெடி தேடினவனுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் தரைதான் கண்ணில் படும், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. நிழல் நல்ல உயரம். நான் ஒன்றும் கேட்கவில்லை. வெளியூரில் தெரியாதவர்கள் கையில் போனைக் கொடுக்காதே என்று சொல்லத்தான் வந்தேன். தண்ணீரும் ஞாபகம் வை.

பெரிய மாமா பெயர் இருக்கிற படத்தை அம்மா ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசாக்கி, சாமி அலமாரிப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். அந்தப் புது நினைவிடத்தின் தியாக சக்கரத்தில் 16 சுவர், ஒரு கல்லுக்கு ஒரு பெயர், 25,000க்கு மேல். அத்தனையில் நீ தேடிக் கண்டுபிடித்தாய். ஊரில் எல்லோரிடமும் அம்மா காட்டுகிறாள். நான்தான் அந்தப் பக்கம் போவதில்லை.

நீ சொன்ன பொய்யைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன் பாப்பா. எழுத எழுத என் கதை முன்னால் வந்து நிற்கிறது. 1988இல் நானும் மாமாவும் யாழ்ப்பாணம் பக்கம் ஒரே கம்பெனியில் இருந்தோம். சிரசுக்கு ஊருக்கு வர எனக்கு ஆசை. 'மதர் சீரியஸ்' என்று தந்தி அடிக்கச் சொல்லி என் தம்பிக்கு முன்கூட்டியே எழுதிப் போட்டேன். உன் பாட்டி அன்றைக்குக் களத்தில் நின்று நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். லீவு கிடைத்தது. காலையில் ரோட்டைப் பரிசோதித்துக்கொண்டே நடக்கும் என் முறையை மாமா வாங்கிக்கொண்டார். 'போய்ட்டு வா மச்சான், எனக்கும் சேர்த்துக் கும்பிடு' என்றார். சிரசு முடிந்து மூன்றாம் நாள் இன்னொரு தந்தி வந்தது. என் தம்பி பொய்த் தந்தி கொடுத்த அதே தபாலாபீசுக்கு.

உங்கம்மாவுக்கு இது தெரியாது. கட்டிக்கொள்ளும்போதும் சொல்லவில்லை. நீ சொல்லிவிடாதே. சொல்ல வேண்டியவன் நான், முப்பது வருஷத்துக்கு மேலாக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன். பொய்யில் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒன்றைத்தான் சொன்னேன், அதைத்தான் இத்தனை வருஷமாகக் காப்பாற்றுகிறேன்.

நேற்று ராத்திரி அம்மா தூங்கின பிறகு லைட்டைப் போட்டு அந்தப் படத்தைப் பார்த்தேன். உன் கை இரண்டும் படத்தில் தெரிகிறது. எடுத்தவர் வேறு யாரோ. மாமா பெயரை நடுவில் வைத்து, உன்னை ஓரமாக நிறுத்தி எடுத்திருக்கிறார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படி எடுப்பதில்லை.

மாங்காய்க்கு இந்த வருஷமும் விலை இல்லை, கூழ் ஃபேக்டரிக்காரன் வாசலில் டிராக்டர் வரிசை சித்தூர் ரோடு வரைக்கும் நிற்கிறது. பழுத்ததைப் பெங்களூர் பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன். நீ தனியாகத் தின்று தீர்க்க ஒரு பெட்டியே அதிகம். ஒரு பெட்டியா இரண்டு பெட்டியா என்று மட்டும் எழுது.

உன் நைனா