சிட்னி தேதியைச் சொல்லு

அன்புள்ள மகளுக்கு,

டிசம்பருக்கு டிக்கெட் போட்டுவிட்டதாக அம்மாவிடம் சொன்னாயாம். சந்தோஷம். ஆனால் புறப்படும் தேதியை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன டிசம்பரில் என்ன ஆனது? "வெள்ளி ராத்திரி பத்தரைக்கு ஃபிளைட், பதினஞ்சு மணி நேரம்" என்றாய். நான் கணக்கே பார்க்காமல், ராத்திரி கிளம்பினால் மறுநாள் காலை வந்துவிடுவாய் என்று சனிக்கிழமை எட்டரைக்கே போய் சிட்னி விமான நிலைய வாசலில் நின்றேன். கூட்டமெல்லாம் கலைந்தது. ஒன்பதரைக்குப் பயந்துபோய் உன் நம்பருக்கு அடித்தால், நீயே எடுத்து "இன்னும் பெட்டியே அடுக்கலைப்பா" என்கிறாய். லாஸ் ஏஞ்சலஸில் அப்போது வெள்ளி மத்தியானம் இரண்டரை! அம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

டிசம்பரில் சிட்னி உங்களைவிட 19 மணி நேரம் முன்னால் இருக்கிறது. நீ வெள்ளி இரவு 10.30க்குக் கிளம்பும்போது இங்கே சனி மாலை 5.30. அதோடு 15ஐக் கூட்டினால் ஞாயிறு காலை 8.30. உன் சனிக்கிழமையைப் பசிபிக் நடுவில் இருக்கும் தேதிக்கோடு, அதாவது தாண்டினால் நாள் மாறும் கோடு, விழுங்கிவிடுகிறது. திரும்பிப் போகும்போது அதற்கு நேர்மாறு. ஞாயிறு காலை 11 மணிக்கு இங்கே ஏறினால், அதே ஞாயிறு விடியற்காலையில் அங்கே இறங்குவாய். ஏறுவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்த மாதிரி.

அப்புறம் சும்மா இருக்க முடியாமல் இன்னொன்றையும் தோண்டினேன். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே சுமார் 12,050 கிலோமீட்டர். பூமி உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்து அளந்தது போன்ற தூரம். போனாலும் வந்தாலும் அது மாறாது. பிறகு ஏன் நீ வருவதற்கு 15 மணி நேரம், திரும்பிப் போகப் பதிமூன்றரை?

காற்றுதான். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமாக வீசுகிறது. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்துக்கொள். எதிர்க்காற்று சராசரியாக 50 இருந்தால் தரைக்கணக்கில் 850தான். அதே காற்று முதுகில் தள்ளினால் 950. வகுத்துப் பார், ஒன்றரை மணி நேரம் வித்தியாசம் வரும். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, இறங்கியபின் நிறுத்துமிடம் வரை வருவது எல்லாம் டிக்கெட் நேரத்தில் சேர்த்திதான். நீ படித்தவள், இதெல்லாம் உனக்குப் பழைய சங்கதியாக இருக்கும். எனக்கு இந்த வயதில்தான் பிடிபட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "+2" என்று போட்டிருக்கும், கிளம்பும் தேதியிலிருந்து இரண்டு நாள் தள்ளி என்று அர்த்தம். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. காற்று குறைவாக இருந்தால் விமானம் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடுமாம். நான் எட்டு மணிக்கே வந்துவிடுகிறேன், இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை.

அப்பா