தானத்தால் எழுந்த ஊரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் பயணத் தொடரில், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் நான் இருபத்தாறு ஆண்டுகளாக வரி கட்டி வாழும் கொலம்பஸ் நகரம் "ஒரு செல்வந்தரின் தானத்தால் எழுந்து, ஒரே ஆலையின் தயவில் பிழைத்திருக்கும் ஊர்" என்று போகிற போக்கில் ஒரு வரியில் முடிக்கப்பட்டிருக்கிறது. நூலகத்தின் முன் சிற்பி ஹென்றி மூரின் வெண்கல வளைவருகே கட்டுரையாளர் எடுத்துக்கொண்ட படத்தின் கீழே 'கொலம்பஸ், ஓஹையோ' என்று அச்சாகியிருக்கிறது. அந்த மாநிலத் தலைநகரம் வேறு, இந்தியானாவில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழும் எங்கள் ஊர் வேறு என்பது தாங்கள் அறியாததல்ல.

தானம் என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. 1950களில் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் நிறுவனத்தின் அறக்கட்டளை பள்ளிக் குழுவிடம் சொன்னது இதுதான்: புதிய பள்ளிக் கட்டடத்துக்கு நாங்கள் தரும் பட்டியலிலிருந்து ஒரு கட்டடக் கலைஞரைத் தேர்ந்தெடுங்கள், அவருடைய கட்டணத்தை நாங்கள் கொடுத்துவிடுகிறோம். செங்கல்லும் கம்பியும் கூலியும் ஊரார் பணம். நல்ல பள்ளி இல்லாத ஊருக்கு நல்ல பொறியாளர் குடும்பத்தோடு வரமாட்டார் என்று நிறுவனத் தலைவர் ஜே. இர்வின் மில்லர் போட்ட கணக்கும் அதில் இருந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அந்தக் கணக்கில் வந்து சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால், என் பிள்ளைகள் படித்த பள்ளியின் அழகிய தட்டைக் கூரை மழைக்கு மழை ஒழுகியபோது, அதைச் சரிசெய்த பணம் எங்கள் சொத்துவரியிலிருந்துதான் போனது.

கம்மின்ஸை மனத்தில் வைத்துச் சொன்ன 'ஒரே ஆலை' என்பதும் அப்படியே. வண்டிகளுக்குப் புகைக்குழாய் செய்த ஆர்வின் நிறுவனம் பல பத்தாண்டுகள் இங்கே தலைமையகம் வைத்திருந்து, 2000ஆம் ஆண்டில் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து மிச்சிகனுக்குப் போனது. ஊர் அதையும் தாங்கிக்கொண்டது. சுமை தூக்கும் வண்டிகள் செய்யும் டொயோட்டா ஃபோர்க்லிஃப்ட் ஆலை 1990 முதல் இங்கே இயங்குகிறது. விமான நிலையத்திலிருந்து நேரே நூலக வாசலுக்கு வந்தவர் கண்ணில் இவை படாததில் வியப்பில்லை.

உண்மையில் இந்த ஊரில் நடந்த பெரிய காரியம் ஒன்று உண்டு. அது கட்டுரையில் இல்லை. 1919இல் தொடங்கிய கம்மின்ஸ், 1937 வரை லாபம் என்பதையே பார்க்கவில்லை. தம் காரை ஓட்டிய கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்ற இளைஞரின் எஞ்சினை நம்பி, வங்கியாளர் டபிள்யூ. ஜி. இர்வின் அத்தனை ஆண்டுகளும் பணம் போட்டுக்கொண்டே இருந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல்தான். பணி ஓய்வுக்குப் பின், ஐந்து பேரை வைத்து ஜிக், ஃபிக்ஸ்சர் (உற்பத்தியின்போது பாகங்களைப் பிடித்து நிறுத்தும் கருவிகள்) செய்யும் சிறு பட்டறை தொடங்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். மூன்று ஆண்டு லாபக் கணக்கைக் கொண்டுவரச் சொன்னார்கள், இன்னும் தொடங்காத பட்டறைக்கு! இந்த மாநிலத்தில் புது இயந்திரங்களுக்குப் பத்தாண்டு வரை சொத்துவரிக் கழிவு பெற வழியுண்டு. பக்கத்துத் தெருவில் மூடிய பட்டறையின் பழைய லேத்தை (கடைசல் இயந்திரத்தை) வாங்கினால், அது ஏற்கனவே இங்கே ஓடிய இயந்திரம் என்பதால் கழிவு கிடையாது. எனக்குக் கட்டுப்படியாவது பழைய லேத்துதான். தயவு யாருக்குக் கிடைக்கிறது என்று கட்டுரையாளர் எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

இதற்கு முன் நான் எழுதிய இரண்டு கடிதங்கள் வெளியாகவில்லை. ராசிபலனுக்கு நான்கு பக்கம் ஒதுக்கவேண்டிய இதழின் இட நெருக்கடியை நான் அறிவேன். ஆகவே இம்முறை அதிகம் கேட்கவில்லை. அடுத்த இதழின் திருத்தப் பகுதியில் ஓஹையோ என்பதை இந்தியானா என்று மாற்றி ஒரு வரி வெளியிட்டால் போதும்.

தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
கொலம்பஸ், இந்தியானா