பைலட் கனவுக்கு முதலில் கண் பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓசூருக்கு விமான நிலையம் வரும் என்ற அறிவிப்பு 2024-ல் வந்தாலும் வந்தது, எங்கள் பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பைலட் ஆசை வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் என் தங்கை மகனிடம் ஓர் ஏஜென்ட், "பிளஸ் டூ பாஸ் போதும் தம்பி" என்று சொல்லி முன்பணம் வாங்கிவிட்டார். பையன் படித்தது வணிகவியல்!

வணிக விமானி உரிமத்துக்கு பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும். இல்லாதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதலாம். இதை அந்த ஏஜென்ட் மூச்சுவிடவில்லை. அப்புறம் 18 வயது, 200 மணி நேரப் பறத்தல், வானிலை, வழிகாண்முறை, வான்வழி விதிமுறைகள் என்று தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் மருத்துவத் தகுதி. டிஜிசிஏ (மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்பு மருத்துவச் சான்று பெற வேண்டும். நிறக்குருடு போன்ற குறை பலருக்கு அங்கேதான் தெரியவரும். மாந்தோப்பை அடமானம் வைத்துப் பணம் கட்டிய பிறகு தெரிந்து என்ன பயன்? பரிசோதனையை முதலில் முடியுங்கள், பணத்தைப் பிறகு கட்டுங்கள்.

பிளஸ் டூ மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்ட அரசு நடத்தும் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.